வெயிலுக்கும் குளிருக்கும் எல்லைக்கல்

யூதித்து நூலைப் படிப்போர் அவ்வீரப் பெண்மணியின் கை வாளையும் ஒலோபெரினின் தலையையும் நினைவில் வைத்திருப்பர். அவர் கைம்பெண்ணானது எவ்வாறு என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எட்டாம் அதிகாரம் அதை இரண்டொரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வாற்கோதுமை அறுவடைக் காலம். யூதித்தின் கணவர் மனாசே, வயலில் கதிர்க்கட்டு கட்டுவோரை மேற்பார்த்து நின்றார். வெயில் அவர் தலையைத் தாக்கியது. படுக்கையில் விழுந்தவர் எழவில்லை. தம் ஊராகிய பெத்தூலியாவிலேயே இறந்தார். அரசர்கள் இரண்டாம் நூலில் வரும் சூனேம் ஊர்ச் சிறுவனும் அறுவடை வயலில்தான் தலையைப் பிடித்துக்கொண்டு தந்தையிடம் கதறினான்; நண்பகலுக்குள் தாயின் மடியில் உயிர் நீத்தான். அதுவும் வெயிலின் தாக்குதலே எனக் கருத இடமுண்டு.

மனாசே நின்ற வயலில் அன்று வெப்பம் எத்தனை டிகிரி? இக்கேள்வி விவிலிய ஆசிரியருக்குத் தோன்றியிருக்க முடியாது. அவரிடம் இருந்த அளவுகோல்கள் மூன்று: பருவம், வேலை, மனித உடல். அறுவடைப் பருவம், நிழலற்ற வயல் வேலை, தாங்காத உடல். அவருக்கு அவை போதுமாயிருந்தன. இன்றோ 'வெப்ப அலை' என்றும் 'குளிர் அலை' என்றும் நாளேடுகளில் படிக்கிறோம். இச்சொற்களுக்கு உலகெங்கும் ஒரே பொருள் உண்டு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியில்லை. ஒரு நாட்டில் அரசே எச்சரிக்கை விடுக்கும் வெப்பம் மற்றொரு நாட்டில் இதமான மாலைப்பொழுது. இந்த எல்லைக்கற்களை நட்டவர்கள் யார், எதை மனத்தில் கொண்டு நட்டார்கள் என்பது தனி வரலாறு. அதில் நம் துறவியர்க்கும் குருக்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

வெப்பமானி வருமுன் மக்கள் வெயிலையும் குளிரையும் நாட்காட்டியால் அளந்தார்கள். கார்த்திகை விண்மீனை ஒட்டிக் கதிரவன் நகரும் மே மாத நாள்களை நம் மக்கள் அக்கினி நட்சத்திரம், கத்திரி வெயில் என்றனர். உரோமையர், பெருநாய் விண்மீன் கூட்டத்தின் ஒளிமிக்க மீன் விடியலில் கதிரவனோடு எழும் காலத்தை 'நாய் நாள்கள்' என்றனர். பிரெஞ்சு மொழியில் இன்றும் கடும் வெப்பத்தைக் குறிக்கும் சொல் 'கனிக்யூல்'. நாய்க்குட்டி என்னும் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. வானிலை ஆய்வாளர் தொலைக்காட்சியில் எச்சரிக்கும்போது, தம்மை அறியாமலே பழைய வானத்து நாயைத்தான் அழைக்கிறார்.

குளிருக்கு மைய ஐரோப்பிய உழவர்கள் புனிதரையே காவலாக நிறுத்தினர். மே 11 முதல் 15 வரை வரும் மமேர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ், போனிபாஸ், சோபியா ஆகியோர் 'பனிப் புனிதர்கள்' எனப் பெயர் பெற்றனர். வசந்தம் வந்துவிட்டது என நம்பி இளம் நாற்றுகளை வெளியே நட்டால், இவர்களுடைய திருநாள்களில் உறைபனி திரும்பி வந்து கருக்கிவிடும் என்பது நம்பிக்கை. ஐவருள் கடைசியாக வருபவரை 'குளிர்ந்த சோபியா' என்றே செருமானியர் அழைப்பர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4ஆம் நாளுக்கு மறுநாள் 15 ஆயிற்று. புனிதர்களின் தேதிகள் அப்படியே இருக்க, வானம் மட்டும் பத்து நாள் விலகி நின்றது. பழைய அனுபவத்தில் பிறந்த பனி இப்போது மே மூன்றாம் வாரத்தைத் தாண்டி வரவேண்டும். உழவர்களோ புனிதர்களை விடவில்லை.

நாட்காட்டிக் கணக்கின் குறை வெளிப்படை. கத்திரி ஆண்டுதோறும் வரும். சில ஆண்டு மழையோடும் வரும். ஆனால் அதன் நிறைவையும் மறக்கலாகாது. அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எவரும் எதையும் அளந்து அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன், பின்னர் பயன்படும்.

1654இல் தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் இரண்டாம் பெர்தினாந்து தெ மெதிச்சி, ஒரே வகையான வெப்பமானிகளைச் செய்வித்துப் பல ஊர்களுக்கு அனுப்பி, வானிலையைக் குறித்தனுப்பச் செய்தார். பாரிசு, வார்சா, இன்சுபுருக் ஆகிய நகரங்களும் அவற்றுள் அடங்கும். இப்பணியை ஒருங்கிணைத்தவர் அந்தினோரி என்னும் இயேசு சபைக் குரு. வல்லொம்புரோசா மலைத் துறவு மடத்தின் துறவிகளும் குறிப்பெடுத்தனர். இம்முயற்சி நீடிக்கவில்லை, 1667இல் முடங்கியது.

அதனினும் பெரிது 1780இல் செருமனியின் மன்னஹைம் நகரில் தொடங்கப்பட்ட வானிலைக் கழகம். அதன் செயலர் யோகான் யாக்கோபு ஹெம்மர், அரசவைக் குரு. இவர் சரிபார்க்கப்பட்ட கருவிகளை ஐரோப்பாவெங்கும் இலவசமாக அனுப்பினார். எல்லாரும் ஒரே நேரத்தில், அதாவது காலை 7, பிற்பகல் 2, இரவு 9 மணிக்கு அளவெடுக்க வேண்டும் எனப் பணித்தார். மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கும் துறவு மடங்களைவிட இதற்கு ஏற்ற இடம் எது? பவேரியாவில் ஹோஹென்பைசன்பெர்க் என்னும் குன்றில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் 1781 சனவரி முதல் நாள் இப்பணியைத் தொடங்கினர். ஹெம்மர் 1790இல் மறைந்தார். கழகமும் சில ஆண்டுகளில் மறைந்தது. 1803இல் அரசு மடங்களைக் கலைத்தபோது துறவிகளும் வெளியேற்றப்பட்டனர். குறிப்பெடுப்பது மட்டும் நிற்கவில்லை. அக்குன்றில் இன்றும் அளந்துகொண்டிருக்கிறார்கள். திருப்புகழ்மாலைச் செபத்திற்கு எழுந்த கைகள் அப்படியே வெப்பமானியையும் எட்டிப் பார்த்தன என எண்ணுவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. நம் சென்னையிலும் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய வான் ஆய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் உண்டு. அவை குருக்களின் கைவண்ணம் அல்ல.

ஆண்டாண்டாக அளந்த எண்கள் குவிந்தபோது புதியதொரு கருத்து பிறந்தது. அதுவே 'இயல்பு நிலை'. ஓர் ஊரில் ஒரு நாளுக்கு வழக்கமான வெப்பம் எவ்வளவு என்பதை முப்பது ஆண்டுச் சராசரி சொல்லும். அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று கேட்கலாம். எனவே எல்லை வகுக்க இரு வழிகள் ஏற்பட்டன: இத்தனை டிகிரி என்று எண்ணை நிலையாக நாட்டுவது ஒன்று, இயல்பிலிருந்து இத்தனை டிகிரி விலகல் என்று கணக்கிடுவது மற்றொன்று.

1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை இரண்டையும் கலந்து கையாள்கிறது. வெப்பநிலை சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸையும், மலைப்பகுதியில் 30 டிகிரியையும் தொட்டால்தான் பேச்சே தொடங்கும். அதன்பின் இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை மிகுந்தால் வெப்ப அலை. அதற்கும் மேற்பட்டால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவாயினும் 45 டிகிரியை எட்டினால் வெப்ப அலை, 47 டிகிரியை எட்டினால் கடும் வெப்ப அலை. கடற்கரைக்கு 37 டிகிரியும் 4.5 டிகிரி விலகலும் வேண்டும். ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில் தொடர்ந்து இரண்டு நாள் இவ்வாறு இருந்தால், இரண்டாம் நாள் அறிவிப்பார்கள். குளிருக்கும் இதே முறை: சமவெளியில் 10 டிகிரிக்கும் மலையில் 0 டிகிரிக்கும் இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரி குறைந்தால் குளிர் அலை. சமவெளியில் 4 டிகிரிக்கு இறங்கினால் விலகல் பாராமலே குளிர் அலை.

கடற்கரைக்கான விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மே மாதச் சென்னையின் இயல்பான உச்ச வெப்பமே ஏறத்தாழ 37 டிகிரி. அதற்குமேல் 4.5 டிகிரி என்றால், ஏறக்குறைய 42 டிகிரியைத் தொடாமல் வெப்ப அலை என்னும் பெயர் கிடைக்காது. கடலோரத்தார் இதனினும் குறைந்த வெப்பத்திலேயே துவண்டுபோவதை யாவரும் அறிவோம். காரணம் காற்றின் ஈரப்பதம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை வழிகிறதேயன்றி ஆவியாவதில்லை. வெப்பமானி 36 காட்டும். உடல் வேறொன்று சொல்லும். வெப்பமானியைப் பொய்யன் என்று நான் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி பாதிக் கேள்வி என்கிறேன்.

பிற நாடுகளுக்குச் செல்வோம். நெதர்லாந்தில் தெ பில்ட் என்னும் ஒரே நிலையத்தின் அளவையே நாட்டிற்கெல்லாம் கொள்கிறார்கள். அங்குத் தொடர்ந்து ஐந்து நாள் 25 டிகிரியும், அவற்றுள் மூன்று நாளேனும் 30 டிகிரியும் எட்டினால் வெப்ப அலை. ஐந்து நாள் முழுதும் உறைநிலைக்குக் கீழே இருந்து, அவற்றுள் மூன்று நாளேனும் -10 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் குளிர் அலை. சுவீடனில் ஐந்து நாள் தொடர்ந்து 25 டிகிரி போதும். ஹாங்காங்கில் 12 டிகிரிக்கு இறங்கினால் அது 'குளிர் நாள்' எனக் கணக்கில் ஏறும். வங்கதேசத்தில் 36 டிகிரியிலேயே மிதமான வெப்ப அலை தொடங்கிவிடுகிறது. 10 டிகிரிக்கு இறங்கினால் குளிர் அலையும் தொடங்கிவிடுகிறது. வைக்கோல் சுவரும் ஒற்றைத் துணியும் உடைய உழவர் நிறைந்த நாட்டில் அது பொருத்தமே.

25 டிகிரியை வெப்ப அலை என்பதைக் கேட்டு வேலூர்க்காரர் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தவனே. ஆனால் உடல் தான் வாழும் மண்ணுக்குப் பழகுகிறது, வீடுகளும் அவ்வாறே. வட ஐரோப்பிய வீடு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கக் கட்டப்பட்டது. தடித்த சுவர், இறுகிய சன்னல், மின்விசிறி கிடையாது. குளிர்காலத்தில் உயிர் காக்கும் அதே வீடு வெயில் நாளில் அடுப்பாகிவிடுகிறது. இதற்கு மறுதலையும் உண்டு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய குளிர், வடக்கே மின்னசோட்டா மாநிலத்தாருக்கு வழக்கமான குளிர்காலமே. டெக்சாசில் மின்சாரம் நின்றது, குழாய்கள் வெடித்தன. இறந்தோர் 246 பேர் என அம்மாநில அரசே கணக்கிட்டது. ஆகவே எல்லைக்கல் ஊருக்கு ஊர் மாறுவதில் முறைகேடு ஏதுமில்லை.

முறைகேடு நுழையும் வாயில் வேறு. 'இயல்பு' என்பதே நகர்ந்துகொண்டிருக்கிறது. பிரித்தானிய வானிலை அலுவலகம் 2019இல் கவுண்டிதோறும் ஓர் எல்லை வகுத்தது. வடக்கிலும் மேற்கிலும் 25 டிகிரி, இலண்டனில் 28 டிகிரி. மூன்று நாள் தொடர்ந்து எட்டினால் வெப்ப அலை. 2022இல் பழைய முப்பது ஆண்டுச் சராசரியை விடுத்து 1991 முதல் 2020 வரையிலான சராசரியைக் கொண்டபோது, எட்டு கவுண்டிகளுக்கு எல்லையை ஒரு டிகிரி உயர்த்த நேர்ந்தது. அதே ஆண்டு சூலை 19 அன்று கானிங்ஸ்பி என்னும் ஊரில் 40.3 டிகிரி பதிவாயிற்று. அந்நாட்டில் 40 டிகிரியைக் கடந்தது அதுவே முதல் முறை. உலகம் சூடேறச் சூடேற, நேற்று அலை எனப்பட்டது இன்று இயல்பு எனப்படும். கணக்கில் பிழையில்லை. ஆனால் முதியவர் ஒருவரின் இதயம் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை தன்னைத் திருத்தி எழுதிக்கொள்வதில்லை.

எண்கள் எவ்வாறு மனிதரைக் கண்டுகொள்கின்றன என்பதற்குப் பாரிசு நகரின் இரு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். முதலாவது 1954ஆம் ஆண்டின் கடுங்குளிர். போருக்குப் பின் வீடின்றித் தவித்தோர் எண்ணற்றோர். பிப்ரவரி முதல் நாள் அதிகாலையில் செபஸ்தோபோல் சாலையின் நடைபாதையில் ஒரு பெண் உறைந்து இறந்து கிடந்தார். வாடகை வீட்டிலிருந்து அவரை வெளியேற்றிய ஆணைத்தாள் அவர் கையிலேயே இருந்தது. அன்று அபே பியேர் என்னும் குரு வானொலியில் விடுத்த வேண்டுகோள் பிரான்சு நாட்டையே எழுப்பிற்று. போர்வைகளும் பணமும் வந்து குவிந்தன. இங்கு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. அக்குரு தங்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் எனப் பெண்கள் அளித்த சாட்சியங்களை, அவர் நிறுவிய எம்மாவுஸ் இயக்கமே 2024 சூலையில் வெளியிட்டது. ஒரு காலத்தில் மறையுரைகளில் அவரைப் புகழ்ந்த என் போன்றோர் அதைத் தலைகுனிந்தே படித்தோம். அவ்வேண்டுகோளை அவருடைய புகழாக இங்கு எழுதவில்லை. நடைபாதையில் இறந்த பெண்ணின் பொருட்டே எழுதுகிறேன்.

அதன் விளைவாக 1956 திசம்பரில் ஒரு சட்டம் வந்தது. திசம்பர் முதல் நாளிலிருந்து மார்ச் 15 வரை வாடகைக் குடியிருப்போரை வெளியேற்றலாகாது. பின்னர் இக்காலம் நவம்பர் முதல் நாளிலிருந்து மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. கவனியுங்கள்: இச்சட்டம் டிகிரி ஏதும் கேட்பதில்லை. குளிர் அலை அறிவிக்கப்பட்டதா, இரண்டு நிலையங்களில் பதிவாயிற்றா என்று பார்ப்பதில்லை. பனிப் புனிதரை நம்பிய உழவரைப் போல நாட்காட்டியை நம்புகிறது. அடைக்கலம் தேடுபவர் வெப்பமானியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது 2003 ஆகஸ்ட். ஐரோப்பாவெங்கும் வெயில் கொளுத்தியது. பிரான்சில் மட்டும் வழக்கத்திற்கு மேற்பட்டு ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். பெரும்பாலோர் முதியோர், தனியே மாடி அறைகளில் வாழ்ந்தோர் பலர். அது விடுமுறை மாதம். பிள்ளைகள் கடற்கரைக்கும் மலைக்கும் சென்றிருந்தனர். பாரிசில் எவரும் கேட்டு வராத 57 உடல்கள் செப்டம்பர் 3 அன்று தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. குடியரசுத் தலைவர் சிராக் அங்கு வந்து நின்றார்.

பின்னர் ஆராய்ந்தபோது தெளிவானது: கொன்றது பகல் மட்டுமன்று, இரவுமே. பாரிசின் இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழ் இறங்காத நாளும் உண்டு. பகலில் களைத்த உடலுக்கு இரவில் ஓய்வு கிடைக்கவில்லை. எனவே 2004இல் வகுக்கப்பட்ட புதிய திட்டம் பகல், இரவு என இரண்டு எண்களைக் கேட்கிறது; மூன்று நாள் சராசரியைக் கொள்கிறது. பாரிசுக்குப் பகலில் 31, இரவில் 21; துலூசுக்கு 36, 21. இவ்வெண்களை வகுத்தோர் வானிலையாளர் மட்டுமல்லர். இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, எந்த வெப்பத்தில் எந்த ஊரில் சாவு பெருகியது எனப் பார்த்தே வகுத்தனர். தனித்து வாழும் முதியோர் பட்டியலை நகராட்சிகள் வைத்திருக்க வேண்டும் என்றும் ஆயிற்று. அதே ஆண்டு, முதியோர் நலனுக்கு நிதி திரட்ட ஊதியமின்றி ஒரு நாள் உழைக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. முதலில் அதற்குக் குறிக்கப்பட்ட நாள், அதுவரை விடுமுறையாயிருந்த தூய ஆவி பெருவிழாவின் மறுநாள் திங்கள். திருநாள் விடுப்பு பறிபோயிற்று எனப் பலர் முணுமுணுத்தனர். தூய ஆவியார் முணுமுணுத்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டிற்கு இப்பாடம் அகமதாபாதில் கிடைத்தது. 2010 மே 21 அன்று அங்கு 46.8 டிகிரி. அம்மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் எனப் பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டனர். இறப்புச் சான்றிதழ்களில் வெயில் என்று எழுதப்பட்டிருந்தவை மிகச் சில. மொத்தச் சாவுகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டபோதுதான் மறைந்திருந்த கூட்டம் தெரிந்தது. 2013இல் அந்நகரம் தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. அதில் 41 டிகிரியிலேயே மஞ்சள் எச்சரிக்கை தொடங்கும், 45இல் சிவப்பு. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் என்றும் வகுத்தது. நல்லது. ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று எழுத ஒருவர் வேண்டும்.

இதை நான் பிறர்மேல் குறையாகச் சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் கடற்கரைப் பங்கொன்றில் பணியாற்றினேன். சுற்றிலும் உப்பளங்கள். ஒரு மே மாதப் பிற்பகலில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவர் பாத்தி வரப்பிலேயே சரிந்தார். உடல் அனலாய்க் கொதித்ததாகவும், வியர்வையே இல்லாதிருந்ததாகவும், பொருளற்ற சொற்களைப் பேசியதாகவும் உடன் உழைத்த பெண்கள் என்னிடம் கூறினர். வீட்டார் மாரடைப்பு என்றார்கள். அன்று வெப்ப அலை என எவரும் அறிவிக்கவில்லை. மறுநாள் அடக்கச் சடங்கு முடிந்து அறைக்குத் திரும்பி, இறந்தோர் பதிவேட்டைத் திறந்தேன். பெயர், தந்தை பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் எழுதினேன். இறப்பின் காரணம் என்னும் கட்டத்தில் மாரடைப்பு என்று எழுதி, கையொப்பமிட்டு மூடிவைத்தேன். அவ்வேடு இன்றும் அப்பங்கின் அலமாரியில் இருக்கிறது.